ரத்தக்கசிவை நிப்பாட்டுற கொயில், பசை, ஜெல்: ஆய்வில சேரச் சொன்னா என்னத்தைக் கேக்கிறது?

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் டொக்டர் இல்ல. கொழும்பில நடக்கிற மருத்துவ ஆய்வுகளுக்கு வாற தகவல் தாள், சம்மதப் பத்திரம் இதுகளைத் தமிழாக்கிறதும், பிறகு வாட்டுக்குப் போய் கட்டில் பக்கத்தில கதிரையைப் போட்டு அதை வாசிச்சு விளங்கப்படுத்திறதும்தான் என்ட வேலை. வெள்ளவத்தை அன்ரியும் கொட்டாஞ்சேனை அங்கிளும் ஒரே கேள்வியைத்தான் கேக்கினம், அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு தொடங்கினன், அது இவ்வளவு நீளமாப் போயிட்டுது. உங்கட வருத்தத்துக்கு எது சரி எண்டதை உங்கட டொக்டரிட்டத்தான் கேக்கோணும்.

எம்பொலைசேஷன் எண்டா உண்மையில என்ன செய்யினம்?

ரத்தம் ஒழுகிற ரத்தக்குழாயை உள்ளுக்க இருந்தே மூடுறது. வயித்தைக் கிழிக்கிறேல்ல. தொடை இடுக்கிலயோ மணிக்கட்டிலயோ சின்ன ஓட்டை போட்டு, நாடிக்குள்ளால ஒரு மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பாத்துப் பாத்து ஒழுகிற இடம் மட்டும் கொண்டு போவினம். நடுவில டை மருந்து அடிப்பினம், அப்ப குழாய்கள் எல்லாம் மரக்கொப்பு மாதிரி கறுப்பாத் தெரியும், ஒழுகிற இடத்தில மை ஊறின மாதிரி ஒரு புகைச்சல் தெரியும். அங்க ஒரு சாமானை விட்டு மூடிப்போட்டு, உள்ளுக்க விட்ட மெல்லிய குழாயை எடுத்திடுவினம்.

இதைத் தமிழாக்கேக்க நான் முதல் எழுதினது 'ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை'. வாசிச்சுக் காட்டினா ஒரு அம்மம்மா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தா, "என்ன பிள்ளை, எல்லாரும் அடைப்பு எடுக்கத்தானே ஆஸ்பத்திரிக்கு வருகினம், நீங்க போட்டு விடுறியளோ?" அவவின்ட மனுசன் மாரடைப்பில போனவர். அண்டையோட அந்தச் சொல்லை விட்டிட்டன். இப்ப 'ஒழுகிற குழாயை உள்ளுக்கிருந்து மூடுதல்' எண்டுதான் எழுதுறன், நீளம்தான், ஆனா ஒருத்தரும் பயப்பிடேல்ல.

என்னென்ன சாமானால மூடுறது?

கொயில் எண்டிறது மெல்லிய பிளட்டினம் இல்லாட்டி ஸ்டீல் கம்பி, அந்த மெல்லிய குழாய்க்குள்ள நேரா இருந்து வெளியில வந்தவுடன சுருண்டு உருண்டையாகிடும். அதைச் 'சுருள்' எண்டு எழுதப்போக நுளம்புச்சுருளோ எண்டு சிரிச்சவையும் இருக்கினம், அதால கொயிலைக் கொயில் எண்டே விட்டிட்டன். கொயில் தனிய ரத்தத்தை நிப்பாட்டாது. அதில உங்கட ரத்தம் உறைஞ்சுதான் அடைப்பு முழுசாகும். ரத்தம் உறையிற தன்மையே கெட்டுப்போன ஆளுக்கு, உதாரணமா பிள்ளை பெத்து லீற்றர் கணக்கில ரத்தம் போன அம்மாவுக்கு, கொயில் மட்டும் வச்சா சில நேரம் பிடிக்காது. அப்பதான் பசை வரும். என்பீசிஏ எண்டு சொல்லுவினம், கிட்டத்தட்ட சுப்பர் குளூவின்ட குடும்பம், ரத்தம் பட்டவுடன செக்கன் கணக்கில இறுகும். சேலைன் பட்டாலும் இறுகும், அதால உள்ளுக்க விட்ட மெல்லிய குழாயை முதல்ல 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் தண்ணியால கழுவுவினம். லிப்பியடோல் எண்ணெய் கலந்து விட்டா எக்ஸ்ரேயில தெரியும், இறுகிறதும் கொஞ்சம் பிந்தும்.

சின்ன மணி மாதிரித் துகள்களும் இருக்கு, அளவு மைக்ரோன் கணக்கில, 300 தொடக்கம் 500, 500 தொடக்கம் 700 எண்டு போத்தலில போட்டிருக்கும். ஒனிக்ஸ் எண்டு ஒரு திரவம் இருக்கு, எரிமலைக்குழம்பு மாதிரி மெல்ல மெல்ல இறங்கி இறுகும். பெரிய ரத்தக்குழாயளுக்கு கம்பி வலைப்பின்னலால செய்த பிளக்.

எனக்குப் பாக்கப் பிடிச்சது ஜெல்ஃபோம். ஒரு தரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்தன். வெள்ளை ஸ்பொஞ்ச் தகடு ஒண்டைக் கத்தரிக்கோலால பொடிப்பொடியா வெட்டி ஒரு சிரிஞ்சுக்குள்ள போட்டினம், மற்றச் சிரிஞ்சில டை, நடுவில மூண்டு வழி பைப் பூட்டு ஒண்டு. ரெண்டு சிரிஞ்சையும் மாறி மாறி அமத்த அமத்த அது கஞ்சி மாதிரி ஆகுது. இவ்வளவு காசு போட்ட மெசினுக்கு முன்னால நிண்டு, குசினி வேலை மாதிரி ஒண்டு. அது சில கிழமையில தானே கரைஞ்சு போயிடும், குழாய் திரும்பத் திறக்கும், அதாலதான் பிள்ளைப்பேறு ரத்தப்போக்குக்கு அதைக் கனக்கப் பாவிக்கிறது.

இது புதுசா வந்த வைத்தியமா?

இல்ல. 1953ல சுவீடன்காரர் செல்டிங்கர் ஊசிக்குள்ளால கம்பி விட்டு, கம்பிக்கு மேலால குழாய் விடுற முறையைக் காட்டினவர், இண்டைக்கும் அதேதான். 1972ல அமெரிக்காவில ரொஷ், டொட்டர், பிரவுண் எண்ட மூண்டு பேர், இரைப்பையில ரத்தம் போன ஒரு ஆளின்ட சொந்த ரத்தக்கட்டியாலயே அந்தக் குழாயை மூடினதை எழுதினவை. 1975ல ஜான்டுர்க்கோவின்ட கொயில். 1990ல குல்யெல்மியின்ட கழட்டுற கொயில், சரியா இருந்தா மட்டும் சின்ன கரண்ட் குடுத்து விடுவிக்கலாம், பிழையா இருந்தா திரும்ப இழுக்கலாம். மூளை ரத்தக்குழாயில அது பெரிய விசயம்.

ஐம்பது வருசமாச் செய்யினம் எண்டா, பிறகு என்னத்துக்கு ஆய்வு?

இதுதான் நல்ல கேள்வி, எல்லாரும் கேக்க வேணும்.

'சக்சஸ்' எண்ட சொல்லுக்கு இந்தத் துறையில ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்டு, கடைசியா எடுத்த படத்தில குழாய் மூடியிருக்கு, டை ஒழுகேல்ல, அது டெக்னிக்கல் சக்சஸ். மற்றது, ஆளுக்கு அடுத்த 30 நாளில திரும்ப ரத்தம் போகேல்ல, திரும்ப ஒப்பரேஷன் தேவைப்படேல்ல, உயிரோட வீட்ட போனார், அது கிளினிக்கல் சக்சஸ். முதலாவது எப்பவும் வடிவான இலக்கம். ரெண்டாவது அதை விடக் குறையும், ஏனெண்டா பக்கத்துக் குழாயால ரத்தம் சுத்திக்கொண்டு வந்து திரும்ப ஒழுகலாம், முக்கியமா வயித்துப் பக்கம், அங்க எல்லாக் குழாயும் ஒண்டோட ஒண்டு தொடுப்பு. ஆரும் உங்களுக்கு "தொண்ணூறு வீதத்துக்கு மேல வெற்றி" எண்டு சொன்னா, எந்த வெற்றி எண்டு கேளுங்கோ. வெக்கப்படாம கேளுங்கோ.

மற்றது, நல்லாத்தானே இருக்கும் எண்டு நினைக்கிறது எல்லாம் நல்லா இருக்கிறதில்ல. ஹொங்கொங்கில அல்சரால ரத்தம் போன ஆக்களுக்குக் கமரா விட்டு ரத்தத்தை நிப்பாட்டின பிறகு, முன்னெச்சரிக்கையா எம்பொலைசேஷனும் செய்தா என்ன எண்டு 241 பேரில பாத்தவை, 2019ல வெளிவந்தது. செய்த பக்கம் 10.2 வீதம் பேருக்குத் திரும்ப ரத்தம் போனது, செய்யாத பக்கம் 11.4. வித்தியாசம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா புண் 15 மில்லிமீற்றரோ அதுக்கு மேலயோ இருந்த ஆக்களை மட்டும் பிரிச்சா, செய்த பக்கம் 4.5 வீதம், செய்யாத பக்கம் 23.1. உடனே "அப்ப பெரிய புண்ணுக்குச் செய்யலாம்" எண்டு துள்ளக் கூடாது, பிறகு பிரிச்சுப் பாக்கிற சின்னக் கூட்டத்தில தற்செயலாவும் இப்பிடி வரும். அதுக்காகத் தனிய ஒரு ஆய்வு வேணும். பாருங்கோ, ஒரு ஆய்வு முடியிற இடத்தில மற்றது தொடங்குது.

பிரான்சில அடிபட்டு மண்ணீரல் கிழிஞ்ச 140 பேரிலயும் இப்பிடித்தான், 2020ல வந்தது. முன்கூட்டியே மூடின பக்கமும், சும்மா பாத்துக்கொண்டு தேவைப்பட்டா மட்டும் மூடின பக்கமும் ஒரு மாதத்தில மண்ணீரல் தப்பினதில பெரிய வித்தியாசம் இல்ல. ஓட்டோவில அடிபட்டு வந்த பெடியனுக்கு உடனே எல்லாத்தையும் செய்யுங்கோ எண்டு கத்திற தகப்பனுக்கு இதை விளங்கப்படுத்திறது லேசில்ல.

பிள்ளை பெத்த பிறகு ரத்தம் போனா இது எவ்வளவு உதவும்?

கர்ப்பப்பையை எடுக்காமத் தப்பிக்கிற வழியள் சிலது இருக்கு, பலூன் ஊதி அமத்திறது, கர்ப்பப்பையைச் சுத்தித் தையல் போடுறது, கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டு போற குழாயைக் கட்டுறது, பிறகு இது. 2007ல பழைய ஆய்வுகளை எல்லாம் சேத்துப் பாத்த ஒரு கட்டுரையில வெற்றிக் கணக்கு எம்பொலைசேஷன் 90.7 வீதம், தையல் 91.7, கட்டுறது 84.6, பலூன் 84. எது திறம் எண்டு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல எண்டுதான் அவை முடிச்சவை. இதுகள் கனக்க பழைய கொப்பியளைத் திருப்பிப் பாத்து எடுத்த கணக்கு. எம்பொலைசேஷனுக்கு அனுப்பினது பெரும்பாலும் அந்த அறை மட்டும் கொண்டுபோகத் தாங்கக்கூடின அம்மாமாரை, அதால இலக்கம் கொஞ்சம் நல்லாத்தான் வரும். அதோட மெசின், ஆள், ரத்தம் எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஒரே கட்டடத்தில இருக்கோணும், பலூனுக்கு அது தேவையில்ல.

'கட்டுப்பாட்டுக் கை' எண்டு பத்திரத்தில போட்டிருக்கு, எந்தக் கையில ஊசி போடுவினம்?

சிரிக்காதேங்கோ, உண்மையா ஒருத்தர் கேட்டவர். வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு மெசினில போட்டு எடுத்த தமிழாக்கம் அது. ஆய்வில பிரிக்கிற கூட்டத்தை இங்கிலிசில கை எண்டுதான் சொல்றது, மெசின் அப்பிடியே கை எண்டு போட்டிட்டுது, மணிக்கட்டாலயும் குழாய் விடுறதால அவர் வலக்கையோ இடக்கையோ எண்டு குழம்பிப் போனார். நான் சிவப்புப் பேனையால அடிச்சுத் திருப்பி அனுப்பினன், மூண்டு கிழமை பிந்திச்சுது, எனக்குத்தான் ஏச்சு.

விசயம் இதுதான். ரெண்டு கூட்டம் இருக்கும், ஒண்டுக்குப் புதுச் சாமான், மற்றதுக்கு வழமையான வைத்தியம். எது உங்களுக்கு எண்டதை டொக்டரும் தெரிவு செய்யிறேல்ல, நீங்களும் இல்ல, கொம்பியூட்டர் குலுக்கிப் போடும். வழமையான வைத்தியம் எண்டா ஒண்டும் செய்யாம விடுறது எண்டு அர்த்தம் இல்ல.

குலுக்கல்ல உயிரை விடுறதோ?

கோபம் நியாயம்தான். ஆனா ரெண்டில எது நல்லம் எண்டு நிபுணர்மாருக்கே உண்மையாத் தெரியாத இடத்தில மட்டும்தான் குலுக்கலாம். ஐசாட் எண்ட ஆய்வைப் பாருங்கோ, மூளையில ரத்தக்குழாய் புடைச்சு வெடிச்ச ஆக்களுக்கு மண்டையைத் திறந்து கிளிப் போடுறதோ, உள்ளுக்கால கொயில் விடுறதோ எண்டு பாத்தது. 9,559 பேரைப் பாத்து 2,143 பேரைத்தான் சேத்தவை, எந்த வைத்தியம் எண்டாலும் பொருந்தும் எண்டு சொல்லக்கூடின ஆக்களை மட்டும். 2002ல வந்த முடிவில ஒரு வருசத்தில செத்தவை அல்லது மற்ற ஆளின்ட உதவி இல்லாம வாழ ஏலாமப் போனவை கொயில் பக்கம் 23.7 வீதம், கிளிப் பக்கம் 30.6. வித்தியாசம் தெளிவா இருந்ததால ஆள் சேக்கிறதை முன்னுக்கே நிப்பாட்டினவை. பிறகும் வருசக்கணக்காப் பின்தொடர்ந்ததில, திரும்ப ரத்தம் கசியிறது கொயில் பக்கம் கொஞ்சம் கூட எண்டதும் தெரிய வந்தது. இந்த ரெண்டையும் சேத்துச் சொல்ற டொக்டரை நம்பலாம் எண்டது என்ட எண்ணம்.

ரத்தம் ஓடிக்கொண்டிருக்கேக்க ஆர் பத்திரம் வாசிக்கிறது?

ஒருத்தரும் வாசிக்க மாட்டினம், அதுதான் உண்மை. இந்த ஆய்வுகளின்ட பெரிய தலையிடி இது. சில இடத்தில கிட்டின உறவுக்காரர் சம்மதம் குடுக்கலாம், சில ஆய்வில ஆள் தெளிஞ்ச பிறகு கேட்டுத் தொடருவினம், எது எண்டதை நெறிமுறைக் குழு முதலே தீர்மானிச்சிருக்கோணும். ரத்த அழுத்தம் விழுந்து நடுங்கிக்கொண்டிருக்கிற ஆளிட்ட சிங்களத்தில ஒரு தாளை நீட்டி "சைன் பண்ணுங்கோ, எல்லாம் நல்லதுக்குத்தான்" எண்டு சொன்னதை நான் ஒரு தரம் பாத்திருக்கிறன். அந்த அக்கா மட்டக்களப்பு, சிங்களம் வாசிக்கத் தெரியாது. பிறகு தமிழ்த் தாள் வந்தது, மூண்டாம் நாள். தமிழ்த் தாள் தாங்கோ எண்டு கேக்கிறது உங்கட உரிமை, பிந்தினாலும் பரவாயில்ல, கேளுங்கோ.

கொம்பனிக்காரன் காசு குடுத்துச் செய்யிற ஆய்வை நம்பலாமோ?

சாமான் ஆய்வுகளில கனக்கத்துக்குக் காசு கொம்பனியிட்ட இருந்துதான் வருது. எம்பொலைஸ் எண்ட ஆய்வு, 2024ல வந்தது, தலை அடிபட்டு மெதுமெதுவா மூளைக்கு வெளியில ரத்தம் சேர்ற வருத்தத்துக்கு ஒப்பரேஷனோட சேத்து ஒனிக்ஸும் விட்டுப் பாத்தது. 400 பேர். 90 நாளுக்குள்ள திரும்ப ஒப்பரேஷன் தேவைப்பட்டது ஒனிக்ஸ் பக்கம் 4.1 வீதம், மற்றப் பக்கம் 11.3. காசு போட்டது ஒனிக்ஸைச் செய்யிற மெட்ரோனிக் கொம்பனி. அதுக்காக முடிவு பொய் எண்டில்ல. ஆனா எதை எண்ணினவை, அதை ஆர் எண்ணினது, படங்களைக் கொம்பனிக்கு வெளியில ஆரும் பாத்தவையோ எண்டு பாக்கோணும். உங்கட தகவல் தாளிலயும் காசு ஆற்றை எண்டு இருக்கோணும், இல்லாட்டி கேளுங்கோ.

இதில பண்டிச் சாமான் இருக்கோ?

நிறைய முஸ்லிம் ஆக்கள், சைவச் சாப்பாட்டுக்காரர் எல்லாரும் தயங்கித் தயங்கிக் கடைசியாக் கேக்கிற கேள்வி. இருக்கு, சிலதில. ஜெல்ஃபோம் பண்டித் தோலில இருந்து எடுக்கிற ஜெலட்டின். எம்போஸ்பியர் எண்ட மணிகளிலயும் பண்டி ஜெலட்டின் சேருது. கொயில், பீவீஏ எண்ட பிளாஸ்டிக் துகள், என்பீசிஏ பசை இதுகளில ஜெலட்டின் இல்ல. உயிர் போற நேரத்தில என்ன செய்யிறது எண்டதை மௌலவியிட்ட கேக்கலாம், அது என்ட வேலை இல்ல, ஆனா முதலே சொன்னா டொக்டர் வேற சாமான் யோசிக்க நேரம் கிடைக்கும். தகவல் தாளிலயே இதை எழுதோணும் எண்டு நான் ஒவ்வொரு தரமும் சண்டை பிடிக்கிறன்.

இலங்கையில ஆர் பாத்து அனுமதி குடுக்கிறது?

மருத்துவ பீடத்தின்ட இல்லாட்டி ஆஸ்பத்திரியின்ட நெறிமுறைக் குழு ஒண்டு. சாமானுக்கு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. அதோட இலங்கை மருத்துவச் சங்கம் 2006ல இருந்து நடத்துற மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு, உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு, ஆரும் நெற்றில பாக்கலாம். பதிவு இலக்கத்தைக் கேளுங்கோ. முதல் ஆளைச் சேக்க முன்னம் பதிஞ்சிருக்கோணும், அப்பதான் எதை எண்ணப் போகினம் எண்டதைப் பிறகு மாத்தினா பிடிபடும்.

என்ன பின்விளைவு வரும்?

நோ, காய்ச்சல், சத்தி, ஒரு சில நாளைக்கு. ரத்தம் போகாத திசு வாடுறதால வாறது, கனபேருக்கு வரும், பயப்பிடத் தேவையில்ல. குழாய் விட்ட இடத்தில கண்டிப்போய் வீங்கலாம். டை சிறுநீரகத்தைத் தாக்கலாம், சலரோக குளிசை, அதிலயும் மெட்ஃபோமின் எடுக்கிறவை கட்டாயம் சொல்லோணும். பெரிய பயம் என்னெண்டா சாமான் போகக்கூடாத குழாய்க்குப் போறது. இருமலோட ரத்தம் வாற ஆக்களுக்கு நுரையீரல் பக்கக் குழாயை மூடேக்க, முள்ளந்தண்டு நரம்புக்குப் போற குழாயும் அதே வேரில இருந்து கிளைக்கலாம், அதுக்குள்ள துகள் போனா கால் வழங்காமப் போகும். அரிது, ஆனா இதைச் சொல்லாம கையெழுத்து வாங்கக் கூடாது.

பைப்ரொயிட்டுக்கு, அதுதான் கர்ப்பப்பைக் கட்டிக்கு, இதைச் செய்தா பிறகு பிள்ளை தங்குமோ?

தங்கினவை இருக்கினம். ஆனா பிள்ளை வேணும் எண்டிற தங்கச்சிமார் கட்டியை மட்டும் வெட்டி எடுக்கிற ஒப்பரேஷனைப் பற்றியும் கதைச்சிட்டுத்தான் முடிவெடுக்கோணும். பிரித்தானியாவில 254 பெண்களில நடந்த ஃபெம் ஆய்வில, 2020ல வந்தது, ரெண்டு வருசத்தால வாழ்க்கைத்தரப் புள்ளி வெட்டின பக்கம் 84.6, எம்பொலைசேஷன் பக்கம் 80. ரெண்டு பக்கமும் முன்னை விட நல்லாத்தான் இருந்தவை.

கட்டுநாயக்கா எயார்போட்டில மெசின் கத்துமோ? எம்ஆர்ஐ எடுக்கலாமோ?

கத்தாது, அவ்வளவு சின்னன். பிளட்டினம் கொயிலுக்குப் பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனா என்ன சாமான் வச்சது எண்டு ஒரு கார்ட் தருவினம், அதைக் காட்டோணும். அதை அடையாள அட்டையோட பேர்ஸில வையுங்கோ, சாமி அறையில வைக்காதேங்கோ.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினா?

எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்ல, வைத்தியம் குறையாது. ஆனா வச்ச கொயில் உள்ளுக்கதான் இருக்கும், அதை எடுக்கிறேல்ல. மருந்து ஆய்வுக்கும் சாமான் ஆய்வுக்கும் இதுதான் வித்தியாசம், குளிசையை நிப்பாட்டலாம்.

வீட்ட போன பிறகும் ஏன் ஃபோன் எடுத்துக் கரைச்சல் தாறியள்?

30ஆம் நாள், 90ஆம் நாள், ஒரு வருசம் எண்டு கேக்கிறதுதான் ஆய்வே. நல்லா இருக்கிறவை ஃபோன் தூக்க மாட்டினம், செத்தவையின்ட வீட்டிலயும் தூக்க மாட்டினம், ரெண்டையும் நாங்கள் 'தொடர்பு இல்லை' எண்டுதான் எழுத வேண்டி வருது, அப்பிடிக் கொஞ்சப்பேர் கூடினாலே கணக்கு முழுக்கச் சந்தேகமாப் போயிடும். ஒரு ஐயா சிம்மை மாத்திப்போட்டு மன்னாருக்குப் போயிட்டார், ரெண்டு மாதம் தேடினன், கடைசியில அவரின்ட மருமகள் பம்பலப்பிட்டியில தையல் கடையில வேலை செய்யிறா எண்டு பத்திரத்தின்ட ஓரத்தில ஆரோ பென்சிலால எழுதி வச்சிருந்ததால கண்டுபிடிச்சன். ஆள் வாடியில கருவாடு காய விட்டுக்கொண்டு நிண்டவர். அதால ரெண்டு நம்பர் தாங்கோ, ஒண்டு உங்கட, மற்றது சிம் மாத்தாத ஒரு ஆளின்ட.